பம்பாய்–பாரீஸ், வெள்ளி 1.40

காரைக்காலிலிருந்து பாரீஸ் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று யாராவது கேட்டால் நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். எதற்காகக் கேட்கிறார் என்று முதலில் ஆளைப் பார்ப்பேன். வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் இந்தக் குணம் என்னை விட்டுப் போகவில்லை. போன மாதம் பயண முகவர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மலர் ஒன்று போடுகிறார்களாம், பழைய அனுபவம் எழுதித் தர வேண்டுமாம். பேச்சுவாக்கில் ஒருவர் கைப்பேசியைத் தட்டி, "பம்பாய்–பாரீஸ் ஏழாயிரம் கிலோமீட்டர், ஒம்போதரை மணி நேரம். ஒரு செகண்டுல வந்துடுச்சு பாருங்க சார்" என்று நீட்டினார். கணக்கு சரிதான். ஆனாலும் அவர்கள் படி இறங்கியதும் என் பழைய நோட்டை எடுத்து ஒருமுறை சரிபார்த்தேன்.

அந்த வழியில் போன ஒரு விமானத்தின் கிழமையைத் தப்பாகப் படித்து, ஒரு பெண்மணியை வீட்டைவிட்டுத் துரத்தி ஜெயிலுக்கும் அனுப்பப் பார்த்தவன் நான். மலரில் போடுவதற்கு அது ஏற்ற விஷயமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். போடுவதும் போடாததும் அவர்கள் இஷ்டம்.

எழுபதுகளின் நடுவில் குரும்பகரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, காரைக்காலில் ஒரு விமான டிக்கெட் ஏஜென்சியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். தலைமை ஆபீஸ் சென்னையில். இங்கே ஒரு நீள அறை, இரண்டு மேஜை, ஒரு டெலிபோன், அவ்வளவுதான். சென்னையில் ஆறு வாரம் பயிற்சி என்று உட்கார வைத்தார்கள். அதில் இப்போது நினைவிருப்பது பயிற்சி கொடுத்தவரின் சிவப்பு டையும் மத்தியானச் சாப்பாடும்தான்.

எங்கள் கிளை மேனேஜரின் பெயர் சவரிநாதன். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதைப்படி எல்லாரும் மொசியே என்றே கூப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் துறைமுகச் சுங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே உள்ளே ஏதோ இருக்கிறது என்று நினைக்க வேண்டிய உத்தியோகம். சுங்கம் போனது, சந்தேகம் மட்டும் அவரோடு எங்கள் கடைக்கு வந்துவிட்டது.

காலையில் வந்ததும் மொசியே உட்கார மாட்டார். முதலில் இழுப்பறைப் பூட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். அடுத்தது சுவரில் இருந்த இரண்டு கடிகாரங்கள். ஒன்று நம் நேரம், இன்னொன்று பாரீஸ் நேரம். இரண்டையும் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் நாற்காலி. பாரீஸில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னேயும் பின்னேயும் தள்ளி வைப்பார்கள். அந்த இரண்டு நாளும் கதவைச் சாத்திக்கொண்டு தானே முள்ளைத் திருப்புவார். ஒருநாள் தூசி தட்டுகிறேன் என்று நான் பாரீஸ் கடிகாரத்தைத் தொட்டுவிட்டேன். ஒரு வாரம் என்னைப் பார்வையாலேயே சோதனை போட்டார்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த நாள் வேலை புரிய வேண்டும் என்றால் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மாதம் ஒரு நேர அட்டவணைப் புத்தகம் வரும். தலையணை கனம், எறும்பு எழுத்து. எந்தக் கிழமையில் விமானம் உண்டு என்பதை எண்ணால் போட்டிருப்பார்கள். திங்கள் என்றால் ஒன்று, ஞாயிறு என்றால் ஏழு. புறப்படும் நேரம் புறப்படுகிற ஊரின் கடிகாரப்படி இருக்கும், இறங்கும் நேரம் இறங்குகிற ஊரின் கடிகாரப்படி இருக்கும். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் பறக்கும் நேரம் வராது. இரண்டு ஊருக்கும் உள்ள நேர வித்தியாசத்தையும் பார்த்தாக வேண்டும். தூரத்துக்கு வேறொரு புத்தகம். இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு இத்தனை மைல் வரை சுற்றிக்கொண்டு போகலாம், அதைத் தாண்டினால் கட்டணம் ஏறும் என்று அதில் இருக்கும்.

மொசியே அந்தப் புத்தகத்தையும் நம்பமாட்டார். அவரிடம் ஒரு பூகோள உருண்டையும் ஒரு நூல்கண்டும் இருந்தன. நூலை இரண்டு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடித்து, பிறகு அளவுகோலில் வைத்துப் பார்ப்பார். புத்தகத்து மைலோடு ஒத்துப்போனால் "ம்" என்பார். ஒத்துப்போகாவிட்டால் முதலில் நூலைச் சந்தேகப்படுவார், பிறகு என்னை.

எங்கள் வாடிக்கைக்காரர்களும் இந்த விஷயத்தில் எங்களுக்கு இளைத்தவர்கள் இல்லை. எங்கள் குரும்பகரத்துக்காரர் ஒருவர், துபாயிலிருந்து லீவில் வந்த தன் மச்சானின் பழைய டிக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"போவும்போது பம்பாய்லேருந்து துபாய்க்கு ஒன்றரை மணி நேரம். வரும்போது நாலரை மணி நேரம். இதே வழிதானே வேலு? நடுவுல மூணு மணி நேரம் எங்க போனாருன்னு எந் தங்கச்சி கேக்குது."

ரெண்டு ஊருக்கும் கடிகாரம் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம், போனாலும் வந்தாலும் பறப்பது மூன்று மணி நேரம்தான் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் என் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீயும் அவரும் ஒண்ணாப் படிச்சவங்கதானே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மொசியே அன்று என்னிடம் சொன்னார்: "டிக்கெட்டு வாங்காம தூரமும் நேரமும் கேக்கறவனுக்குப் பதிலே சொல்லாத வேலு. அவன் யாரையோ மாட்டவைக்கப் பாக்கறான், இல்லன்னா தான் தப்பிச்சிக்கப் பாக்கறான்." எனக்கு அது சரியென்றே பட்டது. அதனால்தான், எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை வெயிலில் செல்லம்மாள் கடைக்குள் வந்து கேட்டபோது நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன்.

செல்லம்மாளுக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். கணவர் இல்லை. வீட்டு முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தார். பாதி ஊர்ப் பெண்களின் அளவு அவர் நோட்டில் இருக்கும். என் மனைவியும் அவரிடம்தான் கொடுப்பாள்.

"ஏங்க, பாரீசுக்கு ப்ளேன்ல எத்தன மணி நேரம் ஆவுங்க?"

"யாரு போறாங்க?"

"யாரும் போவலங்க. எந் தம்பி காசிநாதன் போனானே, அந்த ப்ளேனத்தான் கேக்கறன். வெள்ளிக்கெழமதான் இங்கேருந்து கெளம்புனான். அத ஒரு கடுதாசில எழுதிக் குடுக்க முடியுங்களா? ஒங்க கையாலதான் டிக்கெட்ட வாங்கிட்டுப் போனான்."

பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். காசிநாதன் செத்துப்போனவர் என்பது எனக்குத் தெரியும். செத்தவர் போன விமானத்துக்கு இப்போது எதற்குக் கடிதம் கேட்கிறார் என்று யோசித்தேன்.

விஷயம் இரண்டு நாளில் ஊருக்கே தெரிந்துவிட்டது. பக்கத்தில் பூவம் கிராமத்தில் ஒரு குடும்பம். மூத்தவர் வைத்திலிங்கம், நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்தவர். அடுத்தது செல்லம்மாள். கடைசி காசிநாதன், பாரீஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் காரைக்காலில் ஒரு வீடு வாங்கி அக்காவைக் குடிவைத்திருந்தார். முந்தின வருஷம் தீபாவளி முடிந்து லீவில் வந்தவர், திரும்பிப் போகிற வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பத்திர ஆபீசில் அந்த வீட்டை அக்கா பேருக்கு எழுதிக் கொடுத்தார். அண்ணனிடம் சொல்லவில்லை. அவரிடம் புதன்கிழமையே பூவத்துக்குப் போய் விடைபெற்றுவிட்டார். அந்தக் குளிர்காலத்திலேயே பாரீஸில் மாரடைப்பு வந்து இறந்துபோனார். அங்கேயே காரியம் முடிந்தது. பாஸ்போர்ட்டும் மற்றதும் அங்கேயே தங்கிவிட்டன.

சில மாதம் கழித்துப் பத்திரம் வைத்திலிங்கத்தின் கண்ணில் பட்டது. தம்பி வெள்ளிக்கிழமை ஊரிலேயே இல்லை, வியாழன் இரவே பம்பாயிலிருந்து விமானம் ஏறிவிட்டான், யாரையோ கூட்டிப்போய் அவன் பேரில் கையெழுத்துப் போடவைத்துவிட்டாள் தங்கச்சி என்று அவர் சொன்னார். பத்திரம் பொய் என்றால் வீட்டில் பாதி அவருக்கு வரும். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் செல்லம்மாளுக்கு வேண்டியவர்கள். பதிவு செய்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். காசிநாதனைச் சென்னைக்கு ஏற்றிப் போன வாடகைக் கார்க்காரர் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டார். அவருக்கும் டிக்கெட் போட்டது நான்தான். பத்திரத்தில் வைத்த கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றால், காசிநாதனின் வேறு ரேகை எங்கும் கிடையாது என்று வைத்திலிங்கத்தின் வக்கீல் சொல்லிவிட்டார். ஆகக்கூடி எல்லாம் எங்கள் பதிவேட்டில் வந்து நின்றது.

புதன்கிழமை வைத்திலிங்கம் வக்கீல் குமாஸ்தாவோடு கடைக்கு வந்தார்.

"மொசியே, எந் தம்பி போன ப்ளேன் எந்தக் கெழம, எத்தன மணி? ஒங்க பொஸ்தகத்துல உள்ளத எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

மொசியே என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டை எடுத்து என் மேஜையில் புரட்டி, பக்கத்தைச் சுத்தமாக்கி அவர்கள் முன் விரித்தேன். என் கையெழுத்து: 'காசிநாதன், பம்பாய்–பாரீஸ், வெள்ளி, 1.40.' கடைசிக் கட்டத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டதற்குக் காசிநாதனின் கையெழுத்து. என்றைக்கு வாங்கினார் என்று எழுதக் கட்டம் கிடையாது.

விடியற்காலம் ஒன்று நாற்பது. மத்தியானத்து விமானம் என்றால் பதின்மூன்று நாற்பது என்று எழுதுவோம். ஆக வெள்ளி பிறந்து இரண்டு மணி ஆவதற்குள் ஆள் பம்பாயை விட்டுப் போயாகிவிட்டது. நான் மனசுக்குள் ஒன்பதரை மணி நேரத்தைக் கூட்டினேன். பதினொன்று பத்து. பத்தரைக்குப் பத்திர ஆபீசில் கையெழுத்து விழுந்தபோது காசிநாதன் ஐரோப்பாவுக்கு மேலே வானத்தில் உட்கார்ந்திருக்கிறார். செல்லம்மாள் ஏன் வந்து அப்படிக் கேட்டார் என்பது இப்போது எனக்கு வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது. அந்த அம்மாளின் திருட்டை நான் முதல் நாளே மோப்பம் பிடித்துவிட்டேன் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கடிதத்தைத் தட்டச்சு செய்தேன். மொசியே இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

வக்கீல் கெடு வைத்துவிட்டார். திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் அறைக்கு வந்து, பத்திரத்தை ரத்து செய்யச் சம்மதித்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். இல்லையென்றால் ஆள்மாறாட்டம், கள்ளக் கையெழுத்து என்று போலீசில் புகார்.

மறுநாள் செல்லம்மாள் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஒங்க கையாலதானே டிக்கெட்ட குடுத்தீங்க. வெள்ளிக்கெழம பதினோரு மணி இருக்கும். எதுத்தாப்ல காரு நின்னுச்சு. நான் அதுலதான் ஒக்காந்திருந்தன்."

"எனக்கு ஞாபகம் இல்லம்மா. தெனம் எத்தனையோ பேருக்குக் குடுக்கறன். பொஸ்தகத்துல இருக்கறததான் எழுதுனேன்."

"பொஸ்தகமாங்க அவனப் பாத்துச்சு? நீங்க பாத்தீங்க."

நான் ஏதோ ஃபைலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அதற்குள் ஊரில் அவருக்குக் கள்ளக் கையெழுத்துக்காரி என்று பெயர் விழுந்துவிட்டது. தைக்கக் கொடுத்த துணிகளை வெட்டாமலே திருப்பிக் கேட்டு வாங்கினார்கள். என் மனைவியும் வாங்கி வந்தாள். வாங்கி வரச் சொன்னவன் நான்தான்.

வெள்ளிக்கிழமை வக்கீல் குமாஸ்தா மறுபடி வந்தார். புகாரில் எழுதுவதற்கு அந்த விமானத்தின் எண், பம்பாயிலிருந்து பாரீஸ் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் எல்லாம் வேண்டுமாம். அந்த மாதத்து அட்டவணைப் புத்தகத்தை மொசியேவிடம் கேட்டேன். மற்ற ஏஜென்சிகளில் பழைய புத்தகம் கடலை மடிக்கப் போய்விடும். மொசியே ஒன்றையும் விடாமல் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார்.

"எதுக்கு?"

"நம்பர் எழுதணும் மொசியே."

எடுத்துக் கொடுத்துவிட்டு என் பின்னாலேயே நின்றார். பம்பாய்–பாரீஸ் பக்கத்தில் விரலை ஓட்டினேன். ஒன்று நாற்பது விமானம் இருந்தது. பாரீஸில் இறங்குவது ஆறு நாற்பது. கிழமைக் கட்டத்தில் இரண்டு எண்கள்: 2, 6. செவ்வாய், சனி. ஐந்து இல்லை. வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் விமானமே கிடையாது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சில வருஷங்களுக்கு முன் ஜபருல்லா என்று ஒருவர் அபுதாபி போக எங்களிடம் டிக்கெட் வாங்கினார். சனிக்கிழமை, நேரம் பூஜ்யம் நாற்பது, அதாவது நள்ளிரவு கழிந்து நாற்பது நிமிஷம். அவர் பெட்டியோடு சனிக்கிழமை இரவு விமான நிலையத்துக்குப் போய் நின்றார். விமானம் முந்தின இரவே போய்விட்டது. நம் ஊரில் விடிந்தால்தானே அடுத்த நாள்? வெள்ளி ராத்திரி எத்தனை மணி ஆனாலும் அது வெள்ளி ராத்திரிதான். விசா காலாவதியாகி வேலை போய், மனிதர் கடை வாசலில் வந்து, "சனிக்கெழம ராத்திரின்னுதானே அண்ணே போனேன்? என்ன தப்பு அண்ணே பண்ணேன்?" என்று கேட்டார். மொசியே அன்றைக்குச் சாப்பிடப் போகவில்லை. மறுநாளிலிருந்து ஒரு வழக்கம் வைத்தார். டிக்கெட்டில் விமானக் கம்பெனி விதிப்படி இருக்கட்டும். ஆனால் எங்கள் பதிவேட்டிலும் டிக்கெட் உறையிலும் பயணி கணக்குப்படி எழுத வேண்டும். சனி ஒன்று நாற்பது விமானம் என்றால் 'வெள்ளி 1.40.' உறையில் எழுதியதை வாய்விட்டுப் படித்துக் காட்டி, அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஒருவர்கூட விமானத்தைத் தவறவிடவில்லை. காசிநாதன் போன மறுமாதம் தலைமை ஆபீஸ் அச்சடித்த பதிவேடு அனுப்பி, டிக்கெட்டில் உள்ள கிழமையைத்தான் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டது. எங்கள் வழக்கம் நின்றது. ஐந்து மாதத்தில் நான் அதைச் சுத்தமாக மறந்துவிட்டேன். கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது, வழக்கம் வைத்த மொசியேவுக்கும் அது தோன்றவில்லை. என் கையால் எழுதியதை நானே தப்பாகப் படித்தேன்.

காசிநாதன் ஏறியது வெள்ளி இரவு. செல்லம்மாள் சொன்னது முழுக்க நிஜம்.

இதை நிரூபிக்க டிக்கெட்டின் கார்பன் நகல் இருந்தது. எங்கள் பங்குக்கு ஒரு நகலைக் கட்டுக்கட்டாகக் கட்டி மொசியேவின் இழுப்பறையில் வைத்திருப்போம். அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கடிதம் எழுதியது நான், தலைமை ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போகும், இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். குமாஸ்தாவிடம், "திங்கக்கெழம தர்றன்" என்று சொல்லி அனுப்பினேன். சனிக்கிழமை முழுக்க மொசியேவின் முதுகைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு செல்லம்மாள் வீட்டுப் பக்கம் போனேன். மெஷின் சத்தம் இல்லை. இறங்காமல் திரும்பி வந்தேன். அந்த இரண்டு நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

திங்கட்கிழமை எட்டரைக்கே கடைக்குப் போனேன், மொசியே வந்ததும் சொல்லிவிடுவது என்று. கதவு பூட்டியிருந்தது. என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். மொசியேவின் இழுப்பறை பூட்டாமல் கிடந்தது. இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. உள்ளே கார்பன் நகல் கட்டு இல்லை. ஒன்பது மணி ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று, ஆளும் வரவில்லை.

எனக்குப் பளிச்சென்று ஒன்று புரிந்தது, அல்லது புரிந்ததாக நினைத்தேன். பொங்கலுக்குப் பொங்கல் வைத்திலிங்கம் வீட்டிலிருந்து மொசியே வீட்டுக்குப் புது அரிசி வரும். நான் பழைய அட்டவணை கேட்டபோது பின்னால் நின்று பார்த்தவர் அவர்தான். கட்டை ஒளித்துவிட்டார் என்று முடிவு செய்துவிட்டேன். பதிவேட்டையும் அட்டவணைப் புத்தகத்தையும் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு வக்கீல் அறைக்கு விரைந்தேன். சட்டையெல்லாம் நனைந்துவிட்டது.

உள்ளே வைத்திலிங்கம் இருந்தார். சுவரோரம் செல்லம்மாள் நின்றிருந்தார். வக்கீலுக்கு எதிர் நாற்காலியில், மடியில் கார்பன் நகல் கட்டோடு மொசியே உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அவர் புருவம் ஏறியது. "நீ வரமாட்டேன்னுல்ல நெனச்சேன்."

"நீங்க மறைச்சிட்டீங்கன்னு நெனச்சேன் மொசியே."

"நீ கிழிச்சிப் போட்டுடுவேன்னுதான் சனிக்கெழமயே வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன்" என்றார், எல்லார் முன்னாலும், குரலை உயர்த்தாமல்.

எனக்குக் கோபம் வரவில்லை. சனிக்கிழமை என் முகத்தைப் பார்த்த யாருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

நகலை வக்கீல் வாங்கிப் படித்தார். சனி, ஒன்று நாற்பது. எங்கள் பழைய வழக்கத்தை மொசியே சொன்னார், நான் பதிவேட்டில் அதே மாதத்து மற்ற இரவு விமானங்களைக் காட்டினேன். எல்லாவற்றிலும் கிழமை ஒரு நாள் முன்னால் இருந்தது. "நான்தான் சார் தப்பாப் படிச்சு எழுதுனேன். வெள்ளிக்கெழமயே எனக்குத் தெரியும். பயந்துக்கிட்டு சொல்லல" என்றேன். செல்லம்மாள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி தரையைப் பார்த்தார்.

வைத்திலிங்கம் விடவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு தந்தியை எடுத்தார். தம்பி பாரீஸ் போய்ச் சேர்ந்ததும் கொடுத்தது. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாரீஸில் கொடுத்ததாக அதில் இருந்தது.

"வெள்ளிக்கெழம பத்தரைக்கு இங்க கையெழுத்துப் போட்டவன், சனிக்கெழம காலைல பாரீசுல தந்தி குடுக்கறான். எப்படிங்க? ஒண்ணு நாப்பதுக்கு ஏறி ஆறு நாப்பதுக்கு எறங்குனதா இவங்க பொஸ்தகம் சொல்லுது. ஏழாயிரம் கிலோமீட்டர அஞ்சு மணி நேரத்துல எந்த ப்ளேன் பறக்கும்?"

வக்கீலும் என்னைப் பார்த்தார். ஒரு காகிதம் வாங்கி எழுதினேன். பதினொன்றரைக்குக் கார் புறப்பட்டால் சென்னை முந்நூறு கிலோமீட்டர், ஏழு மணி நேரம், மாலை ஆறரை. எட்டு மணிக்குப் பம்பாய் விமானம், பத்துக்குள் இறங்கியாகிவிடும். ஒன்று நாற்பதுக்குப் பாரீஸ் விமானம். ஒன்பதரை மணி நேரம் பறந்து இறங்கும்போது நம் ஊரில் சனிக்கிழமை பதினொன்று பத்து. பாரீஸ் அந்த மாதத்தில் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். கழித்தால் ஆறு நாற்பது. தந்தி ஒன்பதுக்கு.

"கடிகாரத்துலதான் அஞ்சு மணி நேரம். ஒடம்புல ஒம்போதரை" என்றார் மொசியே.

வக்கீல் என் காகிதத்தில் இரண்டு முறை பேனாவை ஓட்டிப் பார்த்தார். பிறகு எங்கள் பழைய கடிதத்தை எடுத்து மொசியேவிடமே திருப்பிக் கொடுத்து, இந்தப் புகாரைத் தான் எழுதப் போவதில்லை என்று வைத்திலிங்கத்திடம் சொன்னார். அவர் தந்தியை மடித்து வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியே போனார். செல்லம்மாள் எங்களுக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னால் அங்கே நின்றிருக்க முடியாது.

வேலை போகவில்லை. தலைமை ஆபீசுக்கு மொசியே எழுதவில்லை.

ஒரு வாரம் கழித்து செல்லம்மாள் கடைக்கு வந்தார். என்னிடம் பேசாமல் நேரே மொசியேவிடம் போனார். "எந் தம்பி கையெழுத்துப் போட்டானாமே, அந்தப் பக்கத்த ஒரு தடவ பாக்கணுங்க."

மொசியே பதிவேட்டை எடுத்து, பக்கத்தை விரித்து, நாற்காலியை அவருக்கு இழுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்து வெகுநேரம் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு அதன் பக்கத்தில் ஓரமாக இருந்த ஒரு கறுப்புக் கறையில் விரலை வைக்காமல் காட்டினார்.

"இது என்னங்க?"

"கார்பன் கறைம்மா" என்றேன்.

"கார்பன் இல்லீங்க. பத்திர ஆபீசுல பெருவெரல்ல தடவுன மை. தொடைக்கத் துணி கேட்டான். நேரமாவுதுன்னு நான்தான் இழுத்துக்கிட்டு வந்தன்."

குனிந்து பார்த்தேன். கறைக்குள் மெல்லிய கோடுகள் வளைந்து வளைந்து போயின. அப்போதுதான் அந்த வெள்ளிக்கிழமை எனக்கு முழுசாகத் திரும்பி வந்தது. பக்கத்தை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். "சார், கைய எடுங்க, பொஸ்தகம் அழுக்காவுது" என்று நான் எரிந்து விழுகிறேன். அவர் கட்டைவிரலைத் தூக்கிப் பார்த்துச் சிரிக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க வேறு ரேகை எங்கும் கிடையாது என்று வக்கீல் சொன்ன நாளில் அது என் மேஜைமேல் இருந்திருக்கிறது.

செல்லம்மாள் இன்னும் குனிந்து பார்த்தார். கோடுகள் பாதி விரலோடு நின்றுவிட்டன. மேல் பாதியில் காகிதம் வெளுத்து, மயிர் மயிராக எழும்பியிருந்தது.

"மீதி எங்கங்க?"

மொசியேவும் என்னைத்தான் பார்த்தார். வக்கீல் குமாஸ்தா வந்த அந்தப் புதன்கிழமை, அவர் கண்ணுக்குப் பக்கம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று, அவர் முன் விரிப்பதற்கு முன்னால் நான் ரப்பரை எடுத்துத் தேய்த்திருந்தேன். பாதி போனதும் போதும் என்று விட்டிருந்தேன்.

"நான்தாங்க அழிச்சேன்" என்றேன்.

செல்லம்மாள் உள்ளங்கையைக் குவித்து, காகிதத்தில் படாமல், மிச்சமிருந்த பாதி ரேகைக்கு மேலே சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"இருக்கறதயாவது அழிக்காம வைங்க."